பீகிள் கப்பலின் நூலகம்: மறுபடி அடுக்கப்பட்ட அலமாரி

டார்வின் போன பீகிள் கப்பலில் சுமார் 400 புத்தகங்கள் இருந்தன. 1836-ல் கப்பல் இங்கிலாந்து திரும்பியதும் அவை ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டன. பட்டியல்கூட மிஞ்சவில்லை. டார்வின் தன் குறிப்புகளில் எந்த நூல், எந்தப் பக்கம் என்று கிறுக்கி வைத்த துப்புகளை வைத்து ஆய்வாளர்கள் அந்த நூலகத்தை மீட்டிருக்கிறார்கள். டார்வின் ஆன்லைன் தளத்தில் 2014 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். வேலை நடந்தது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு முதலில் பிடித்தது புத்தகத் தேர்வுதான். பயண நூல்களும் இயற்கை வரலாறும்தான் அதிகம். நிலவியல், வரைபடத் தொகுதிகள், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் என்று மற்றவையும் உண்டு. இவ்வளவும் கப்பலின் பின்புறத்தில், மூன்று மீட்டர் சொச்சம் நீள அகலமுள்ள ஓர் அறையில் இருந்தன. நடுவில் கடல்வரைபட மேசை. அதற்கு மேலே தொங்கிய தூளியில்தான் ஆறடி உயர டார்வின் தூங்கினார். கால் நீட்ட இடமில்லாமல் சுவரோர இழுப்பறை ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. கை நீட்டினால் புத்தகம்! கேப்டன் ஃபிட்ஸ்ராய் அதிகாரிகளுக்கும் இரவல் கொடுத்தார், அதற்கு விதிகளும் எழுதி வைத்தார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நிலவியலாளர் சார்லஸ் லயல் எழுதிய ‘நிலவியல் கோட்பாடுகள்’ நூலின் முதல் தொகுதியைத் திறந்து பாருங்கள் என்பேன். ஃபிட்ஸ்ராய் டார்வினுக்குப் பரிசாகக் கொடுத்தது அது. 1832 ஜனவரியில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலிலுள்ள கேப் வெர்டேயின் சாண்டியாகோ தீவில், கடலோரப் பாறைச் சுவரில் நீளமாக ஓடும் வெள்ளைச் சிப்பிப் பட்டையை டார்வின் பார்க்கிறார். கடல்மட்டத்துக்கு எத்தனையோ அடி மேலே சிப்பி எப்படி வந்தது? நிலம் மெல்ல மெல்ல உயர்ந்திருக்க வேண்டும் என்று யோசிக்க வைத்தது அந்தத் தொகுதி. இரண்டாம் தொகுதி அதே ஆண்டு நவம்பரில் தென் அமெரிக்காவின் மான்டிவிடியோவில் கைக்கு வந்தது. அவருடைய பயணக் குறிப்பையும் லயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு மனிதன் யோசிக்கக் கற்றுக்கொள்வது கண்ணெதிரே தெரிகிறது. தனித்தனியாகப் படித்தபோது எனக்கு இது கிடைக்கவே இல்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே இருப்பவை பெரும்பாலும் வேறு பிரதிகளின் படங்கள், கப்பலில் போன அதே ஏடுகள் அல்ல. பிரெஞ்சு, ஸ்பானிஷ் நூல்களும் நிறைய உண்டு. வரைபடங்களைப் போனில் பார்க்காதீர்கள், பெரிய திரை வேண்டும். நிலவியல், புவியியல் மாணவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.