கடலூர்ப் பயணமும் ஒரு முன்பல்லும்

ஊருக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளே கடலூர்த் திருப்பாப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அக்காள் மகளுக்குக் கல்யாணம். இன்னும் 25 நாள்தான் இருந்தது. பிளவுஸ் தைக்கக் கொடுத்தது, வளையல் வாங்கியது எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை அழைத்துப் போன அழகு நிலையத்தைப் பற்றியும், மறுநாள் நான் அவளை இழுத்துக்கொண்டு போன மஞ்சக்குப்பத்துப் பல் மருத்துவரைப் பற்றியும்தான் எழுத வேண்டும்.

மணப்பெண் அலங்காரத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் பல்லையும் வெள்ளையாக்கித் தருகிறார்களாம். பல்லுக்கு மட்டும் 3,500 ரூபாய். "சித்தி, ஒரு மணி நேரம்தான், உட்கார்ந்திருங்கள்" என்றாள். முகத்துக்குப் பூச்சு போடும் அதே சாய்வு நாற்காலி. 22 வயதுகூட இராத ஒரு பெண், பாவம், வந்தவர்களிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டாள். உதட்டை விரித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் செருகினாள். ஈறின் மேல் எதையும் பூசி மறைக்காமல், தூரிகையால் பல்லில் ஏதோ ஜெல்லைத் தடவினாள். ஒரு நீல விளக்கை வாய்க்கு நேரே திருப்பி வைத்தாள்.

அதுவரை பேசாமல் இருந்த நான், "இது என்ன மருந்தம்மா? எத்தனை சதவீதம்?" என்று கேட்டேன்.

"இயற்கையானதுதான் அக்கா. ஒன்றும் செய்யாது."

குப்பியை வாங்கிப் பார்த்தேன். பூப்படம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஓர் எழுத்துகூட இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினேன். இல்லை.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். அக்காள் மகள் என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். வாயில் வளையம் இருந்ததால் பேச முடியவில்லை. கண்ணோரத்தில் நீர் மட்டும் வழிந்தது. குனிந்து பார்த்தேன். கோரைப்பல்லுக்கு மேலே ஈறின் ஓரம், நெடுநேரம் துணி துவைத்த கை விரல் நுனி போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. விளக்கை நானே அணைத்தேன். ஜெல்லைத் துடைத்தெடுக்கச் சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் வாங்கி வாய் கொப்பளிக்க வைத்தேன். உள்ளறையிலிருந்து வந்த நிலையத்தின் உரிமையாளர், "கொஞ்சம் எரியத்தான் செய்யும் மேடம், எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். எல்லாருக்கும் அப்படித்தான் என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கொதிக்க வைத்தது. இதுவரை எத்தனை பெண்கள் அந்த நாற்காலியில் வாய் பேச முடியாமல் கண்ணீர் விட்டிருப்பார்கள்?

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே பல்லை வெளுக்கும் வேலையை அழகு நிலையம் செய்தால் அது குற்றம். பல் மருத்துவர் செய்யலாம், அல்லது அவர் எழுதிக் கொடுத்தபடி அதற்கென்று பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவர்கள் செய்யலாம். வெளுக்கும் மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. கடையில் யாரும் வாங்கக்கூடிய பொருளில் அது 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மருத்துவர் கையில் 6 சதவீதம் வரை இருக்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடையாது. ஐரோப்பாவில் 2012 முதல் இதுதான் விதி. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கே ஆசை வந்து விசாரித்தேன். 400 பவுண்டு கேட்டார்கள். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அன்று எரிச்சல்பட்டேன். இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அந்தக் கெடுபிடியின் அருமை தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும்வரை அவள் துப்பட்டாவால் வாயை மூடியபடியே இருந்தாள். தவளக்குப்பம் வந்தபோது மெல்லச் சொன்னாள். அவளுடைய மேல் முன்பல் ஒன்று மற்றவற்றைவிடக் கறுத்திருக்கிறது. ஏழாம் வகுப்பில் கெடிலம் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது அடிபட்ட பல். அப்போது இரண்டு நாள் வலித்தது, பிறகு மறந்துவிட்டார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு நிறம் மாறத் தொடங்கியதாம். அன்று முதல் எந்தப் புகைப்படத்திலும் அவள் வாய் திறந்து சிரித்ததில்லை. பல ஆண்டுகளாக வாரம் தவறாமல் அவளைக் கைப்பேசித் திரையில் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தென்பெண்ணைப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாலை மஞ்சக்குப்பம். முன்பதிவு எதுவும் இல்லை. செருப்பை வெளியே விட்டு உள்ளே போனால் டோக்கன்; எங்களுக்கு 14. லெஸ்டரில் அரசுத் திட்டத்தில் ஒரு பல் மருத்துவரிடம் பெயர் சேர்க்க நான் ஆறு மாதம் அலைந்திருக்கிறேன். தொலைபேசியில் அழைக்கும் இடமெல்லாம், புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்ற ஒரே பதில். இங்கே ஐந்தரை மணிக்குப் போய் எட்டு மணிக்குள் நாற்காலியில் ஏறிவிட்டாள். அந்த இரண்டரை மணி நேரக் காத்திருப்பும் எனக்கு வலிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் முதுநகரிலிருந்து வந்தவர்; எங்கள் தெரு, எங்கள் தாத்தா வரை விசாரித்து முடித்துவிட்டார்.

மருத்துவர் சிதம்பரம் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அறுபதை நெருங்கும் வயது. நடந்ததைச் சொன்னேன். யாரையும் திட்டவில்லை. ஈறைப் பார்த்து, "மேலோட்டமான எரிவுதான், இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும், காரம் மட்டும் வேண்டாம்" என்றார். அப்படியே ஆறியது. பிறகு கறுத்த பல்லைக் கருவியின் பிடியால் தட்டினார். பஞ்சைக் குளிரவைத்துப் பல்லின் மேல் வைத்தார். பக்கத்துப் பல்லில் வைத்தபோது தோளைக் குலுக்கியவள், இந்தப் பல்லில் வைத்தபோது சும்மா இருந்தாள். எக்ஸ்ரே எடுத்தார். வேர் நுனியில் சிறிய நிழல்.

"பல் உள்ளே உயிரில்லை அம்மா. அடிபட்ட அன்று உள்ளே கசிந்த இரத்தம்தான் நாளாக ஆக இப்படிக் கறுப்பாகத் தெரிகிறது. நேற்று எல்லாப் பல்லையும் வெளுத்து முடித்திருந்தால், மற்றவை வெள்ளையாகி இது ஒன்று மட்டும் இன்னும் கறுப்பாகத் தெரிந்திருக்கும்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எரிந்த ஈறுக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய கேடு அவள் கல்யாணப் புகைப்படத்துக்குக் காத்திருந்தது. வாயைத் திறந்து பார்க்காமலே மருந்து பூசுகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? சிலருக்குக் கறை வெறும் டீயும் வெற்றிலையும்தான். ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்தாலே போய்விடும். சொத்தை இருந்தால் அதன் வழியே மருந்து உள்ளே இறங்கித் துடிக்க வைக்கும். கேப் போட்ட பல்லும் அடைத்த பல்லும் எந்த மருந்துக்கும் நிறம் மாறாது, சுற்றி இருப்பவை மாறிவிட்டால் இவை தனித்துத் தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் வரும் பழுப்பும் வெள்ளைத் திட்டும் வேறு கதை. சிறு வயதில் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டதால் வரும் சாம்பல் நிறத்துக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அன்று கடைசி டோக்கன் முடிந்த பிறகும் அவரை விடாமல் கேள்வி கேட்டேன். சலிக்காமல் சொன்னார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பல்லைக் குறுக்கே வெட்டியது போல வரைந்தார். வெளியே எனாமல், அது கண்ணாடி போல ஒளியை உள்ளே விடுவது. உள்ளே மஞ்சள் நிற டென்டின். பல்லுக்கு நிறம் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வருகிறது. பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவிப் போய் நிறப் பொருளை உடைக்கிறது, சுரண்டி எடுப்பதில்லை.

அப்போது எனக்கு ஆயாவின் நினைவு வந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கொட்டாங்குச்சியில் உமிக்கரி எப்போதும் இருக்கும், கொஞ்சம் உப்பு கலந்து. ஆட்காட்டி விரலால் ஆயா தேய்க்கும் சத்தம் சமையலறை வரை கேட்கும். கோபால் பல்பொடியின் இளஞ்சிவப்பு எங்களுக்கு, உமிக்கரி அவளுக்கு. அது போன்ற கரியைத்தான் இப்போது கறுப்புப் பற்பசையாக லெஸ்டர் கடைகளில் விலை உயர்த்தி விற்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமைப்பட்டிருக்கிறேன். மருத்துவர் சொன்னது மனத்துக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சொரசொரப்பான பொடி மேல் கறையை எடுக்கும்; ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்த்தால் எனாமலையும் எடுக்கும். எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள்தான் அதிகம் தெரியும். எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம், அமிலம் பல்லைக் கரைத்துவிடும். ஆயாவுக்குக் கடைசிக் காலத்தில் ஈறோரம் பள்ளம் விழுந்து, பானைத் தண்ணீர் பட்டாலே பல் கூசும் என்று வெந்நீர்தான் குடிப்பாள். வயதால் வந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

நீல விளக்கைப் பற்றியும் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பல் காய்ந்து போவதால் உடனே மிகவும் வெள்ளையாகத் தெரியும். சில நாளில் ஈரம் திரும்பியதும் அந்த வெண்மையில் கொஞ்சம் இறங்கிவிடும். வேலை செய்வது மருந்துதான், விளக்கினால் நிலைத்த பலன் பெரிதாக இல்லை என்றார். இங்கே பல் மருத்துவமனையில் 35 சதவீதம் வரை உள்ள மருந்தையும் வைப்பார்கள், ஆனால் ஈறைப் பசை கொண்டு முழுதாக மூடிய பிறகே. அவருக்குப் பிடித்தது பழைய முறை: பல்லை அச்செடுத்து அளவான தட்டு செய்து, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை அதில் இட்டு இரவில் இரண்டு வாரம் போட்டுக்கொள்வது. 1989-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்த முறை. அந்த 10 சதவீதத்திலிருந்து வெளிவரும் பெராக்சைடு ஏறக்குறைய மூன்றரை சதவீதம்தான். மெதுவாகப் போனாலும் போய்ச் சேரும் இடம் கிட்டத்தட்ட ஒன்றே, பல் கூச்சம் குறைவு. கூச்சம் வந்தாலும் பெரும்பாலும் சில நாளில் போய்விடும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசை உதவும். எந்த முறையானாலும் வெண்மை நிரந்தரம் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இப்போது வேண்டாம் என்றே சொல்லி அனுப்புவாராம்.

அக்காள் மகளுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அவளுக்கு முதலில் ரூட் கேனல், இரண்டு முறை வரச் சொல்லி முடித்தார். பிறகு அந்த ஒரு பல்லுக்கு மட்டும் உள்ளேயிருந்து வெளுப்பு. பக்கத்தில் நின்று பார்த்தேன். வேரின் வாயை முதலில் ஒரு சிமென்டால் அடைத்தார். மருந்து வேர்ப்பக்கம் கசிந்தால் பின்னாளில் வேரையே அரித்துவிடுமாம். சோடியம் பெர்போரேட் பொடியில் சொட்டு நீர் விட்டுக் குழைத்தார், அது ஈர மணல் மாதிரி இருந்தது. பல்லின் பின்பக்கத் துளையில் கடுகளவு கடுகளவாக அமுக்கி, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பிவிட்டார். ஐந்து நாள் கழித்து மருந்தை மாற்றினார். ஒவ்வொரு முறையும், நிறம் பார்க்கும் பல் வில்லைகளின் வரிசையை உதட்டோரம் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். முதல் நாள் எந்த வில்லையும் பொருந்தவில்லை. இரண்டாம் முறை மருந்து மாற்றி ஐந்தாம் நாள் பக்கத்துப் பல்லுக்குப் பொருந்திய ஏ2 என்று குறித்த அதே வில்லை இதற்கும் பொருந்தியது. கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். நெடுநேரம் அவள் அதைத் திருப்பித் தரவில்லை.

ஆலோசனைக்கும் எக்ஸ்ரேக்கும் சேர்த்து எல்லாமே 6,000 ரூபாய். ஏறக்குறைய 50 பவுண்டு. நானும் போன கையோடு ஸ்கேலிங் செய்துகொண்டேன். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று அம்மா தடுத்தாள், ஆடவில்லை. காரையை எடுத்த இடத்தில் இடைவெளி தெரிவதைத்தான் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள். பல் வெளுப்பைப் பற்றிக் கேட்டதற்கு, "44 வயதுக்கு இது நல்ல நிறம், விடுங்கள்" என்றார். விட்டுவிட்டேன்.

வெளுத்த பல்லில் மருந்தின் ஆக்சிஜன் தங்கியிருக்கும். அது போகும்வரை நிரந்தர அடைப்பு சரியாக ஒட்டாது, இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குள் அதற்கு நாளில்லை. தற்காலிக அடைப்போடுதான் மணவறையில் உட்கார்ந்தாள். முறுக்கை உடைத்துக் கடைவாயில் வைத்துத்தான் தின்றாள். நான் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மருத்துவரிடம் போய் மீதிப் பணம் கட்டினேன். அவர் தம் நோட்டைப் புரட்டி இரண்டு தேதி எழுதிக் கொடுத்தார்: நிரந்தர அடைப்புக்கு ஒன்று, வேர் அரிக்காமல் இருக்கிறதா என்று ஓராண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க ஒன்று. "மாமியார் வீட்டுக்குப் போகிற பெண், மறந்துவிடும். நீங்கள் அங்கிருந்து நினைவுபடுத்துங்கள்" என்றார். அடைப்பு வைத்தாயிற்று. இரண்டாவது தேதி எங்கள் லெஸ்டர் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் இருக்கிறது.