உஷெத் அரங்கில் ஒரு மாலை

பாரிஸில் சென் நதிக்கு அருகே, கிரேக்க உணவகங்கள் நெருக்கியடித்து நிற்கும் உஷெத் தெருவில், நூறு பேர்கூட உட்கார முடியாத சிறிய நாடக அரங்கு ஒன்று இருக்கிறது. ருமேனியாவில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய நாடகாசிரியர் யூஜின் இயோனெஸ்கோவின் 'வழுக்கைப் பாடகி', 'பாடம்' ஆகிய இரு நாடகங்களும் 1957 முதல் இங்கே நடிக்கப்பட்டு வருகின்றன. வாழ்வின் பொருளின்மையைப் பொருளற்ற பேச்சாலேயே காட்டும் அபத்த நாடகங்களில் குறியீடுகளைத் தேடிக் களைத்துப்போனவர்கள் ஒரு மாலையாவது இங்கே வந்து உட்கார வேண்டும் என்பது என் துணிபு.

முதன்முறை நான் 'வழுக்கைப் பாடகி'க்கு ஓர் உரைநூலைப் படித்துவிட்டுப் போனேன். கடிகாரம் என்றால் காலத்தின் சிதைவு, தீயணைப்புத் தலைவர் என்றால் அணைந்துபோன ஆசை என்று ஒவ்வொன்றுக்கும் அது நிகண்டுபோலப் பொருள் சொல்லியிருந்தது. மேடையில் கடிகாரம் பதினேழு முறை அடித்ததும், வீட்டுக்காரி திருமதி ஸ்மித் மணி ஒன்பது என்றார். அரங்கே சிரித்தது. அந்தச் சிரிப்பில் சேராமல் விளக்கத்தை அசைபோட்டுக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மார்ட்டின் தம்பதியர் வரும் காட்சியே நாடகத்தின் உயிர்நிலை. ஸ்மித் வீட்டு விருந்துக்கு வந்த இருவரும், எங்கோ பார்த்த முகம் என்று தயங்கிப் பேசத் தொடங்குகிறார்கள். இருவருக்கும் ஊர் மான்செஸ்டர். ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் லண்டன் வந்தவர்கள். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் உறங்குபவர்கள். ஒரு கண் வெள்ளையும் ஒரு கண் சிவப்புமாக ஆலிஸ் என்ற பெண் குழந்தை இருவருக்கும் உண்டு. ஆகவே நாம் கணவன் மனைவிதான் என்று முடிவுகட்டி அணைத்துக்கொள்கிறார்கள். வேலைக்காரி மேரி மெல்ல வந்து, அவருடைய குழந்தைக்கு இடக்கண் சிவப்பு, அவளுடைய குழந்தைக்கு வலக்கண் சிவப்பு, எனவே இவர்கள் அவர்கள் அல்லர் என்று நம்மிடம் இரகசியம் சொல்லிவிட்டுப் போகிறாள். அடையாளங்களைப் பொருத்திப் பொருத்தியே பொருளை எட்டிவிடலாம் என்ற நம் வாசிப்புப் பழக்கத்தை இதைவிடக் கூர்மையாகச் சோதித்த காட்சியை நான் கண்டதில்லை.

இயோனெஸ்கோ ஆங்கிலம் கற்பதற்காக அசிமில் பாடநூலின் வாக்கியங்களைப் படியெடுத்தபோது, தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது, வாரத்துக்கு ஏழு நாள் என்பவற்றில் வியந்து நின்றதிலிருந்தே இந்த நாடகம் பிறந்தது. தலைப்போ, ஒத்திகையில் ஒரு நடிகர் வாய்தவறிச் சொன்ன சொல். அந்தப் பாடகி மேடைக்கு வருவதே இல்லை. அவளைப் பற்றி விசாரிக்கும் தீயணைப்புத் தலைவருக்கு, அவள் எப்போதும்போலவே தலைவாரிக்கொள்கிறாள் என்ற பதில் மட்டும் கிடைக்கிறது. அவள் யாரைக் குறிக்கிறாள் என்ற கேள்வியோடு வருபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கோ பெரிய ஆறுதலாக இருந்தது. வயது வந்தபின் பிரெஞ்சு கற்ற எனக்கு, பிழையே இல்லாத, ஆனால் யாரிடமும் எதையும் சொல்லாத வாக்கியங்களின் தனிமை நன்றாகத் தெரியும். இந்த நாடகத்தின் துயரம் அந்த வாக்கியங்களிலேயே இருக்கிறது, அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கவில்லை.

நடிப்பில் அலட்சியம் துளியும் இல்லை. பலமுறை நடித்த காட்சியாயினும், மார்ட்டின் ஒவ்வொரு ஒற்றுமைக்கும் புதிதாக வியக்கிறார். அந்த வியப்பு உண்மையாக இருப்பதால்தான் சிரிப்பு வருகிறது. பிரெஞ்சு சரளமாக வராதவர்கள் நாடகப் பிரதியை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம், உரைநூல் வேண்டாம். இயன்றால் முன்வரிசையில் அமருங்கள். கடைசியில் ஸ்மித் தம்பதியரின் இடத்தில் மார்ட்டின் தம்பதியர் அமர்ந்து முதல் காட்சியின் வசனத்தை மீண்டும் தொடங்கும்போது, அவர்கள் முகங்களை அருகிலிருந்து பார்க்க வேண்டும்.