பழைய ஈ-ரீடர் வாங்குகிறவர்கள் கவனம்: இலவச மென்பொருளுக்கு ‘வருச லைசென்ஸ்’ கேட்கிறார்கள்

யாழ் டவுனில் ஒரு கடையில் பழைய கோபோ ஈ-ரீடர் (மின்னூல் வாசிக்கும் கருவி) ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். “லினக்ஸில ஓடுற சாமான் அக்கா, தமிழ் வாசிக்க எண்டு தனியா சொப்ட்வெயார் போட்டுத் தாறம், அதுக்கு வருசம் 6,000 ரூபா லைசென்ஸ், கட்டாட்டி லொக் ஆகிடும்” என்று சொல்லி, முதல் வருசக் காசையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் மெனுவைத் துழாவிப் பார்த்தால் அவர்கள் போட்டுத் தந்தது கோரீடர் என்ற மின்னூல் வாசிப்பு மென்பொருள். திறந்த மூல மென்பொருள், ஏஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம், யாரும் சும்மா இறக்கிக் கோபோ, பூட்டு நீக்கிய கிண்டில், பொக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவிகளில் போடலாம். தமிழுக்கென்று அவர்கள் செய்தது ஓர் இலவச எழுத்துருவை ஃபொண்ட் கோப்புறைக்குள் போட்டது மட்டும்தான். போட்டுத் தந்ததற்குக் கூலி கேட்டிருந்தால் நியாயம், சந்தோசமாகக் கொடுத்திருப்பேன். பாவிப்பதற்கு லைசென்ஸ் கட்டணம் விதிக்கக்கூடாது என்று அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. லொக் ஆகும் என்பது பச்சைப் பொய். எத்தனையோ பேர் சம்பளமில்லாமல் உழைத்துப் பொதுவில் வைத்ததை இப்படி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் பற்றரி. வைஃபையை நிறுத்திவிட்டுப் படுத்தாலும் காலையில் பாதி இறங்கியிருக்கும். கோரீடரிலேயே பற்றரி கணக்குக் காட்டும் பகுதி உண்டு, தூங்கும்போது மணிக்கு எத்தனை சதவீதம் போகிறது என்று தெரியும். அதைக் காட்டியும் “சொப்ட்வெயார் போட்ட சாமான் திருப்பி எடுக்கிறேல்லை” என்றார்கள். பில்லிலும் லைசென்ஸ் காசு இல்லை, வெறும் ‘ரீடர்’ என்று கிறுக்கியிருக்கிறார்கள்.

கோரீடரில் குறை இல்லை. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்து ஈபப் வடிவ மின்னூல்கள் அருமையாகத் திறக்கின்றன. ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் இருக்கும் பழைய சஞ்சிகைகள் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பதால் ஆறு அங்குலத் திரையில் எழுத்துப் பொடியாகத் தெரியும், ஓரங்களை வெட்டி, வரிகளைத் திரைக்கு ஏற்ற மாதிரி மடக்கும் ரீஃப்ளோ போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். இதையும் கடையில் யாரும் சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்கள் பெரிய பிடிஎஃப் ஒன்றைக் கொண்டுபோய் அங்கேயே திறந்து பாருங்கள், பற்றரிக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். லைசென்ஸ் என்று கேட்டால் மென்பொருளின் பெயரையும் தொகையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன், இதே மாதிரிக் காசு கட்டியவர்கள் இருந்தால் நீங்களும் கொடுங்கள், அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.