ப்ராக்கா, குட்னா ஹோராவா: கேமராவுக்கு எந்தத் தேவாலயம்?

செக் நாட்டில் தேவாலயம் படமெடுக்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், ப்ராக் கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்துக்குப் போவதா, ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் குட்னா ஹோராவின் புனித பார்பரா ஆலயத்துக்குப் போவதா?

இரண்டிலும் ஒரே குடும்பத்தின் கை இருக்கிறது. 1344இல் தொடங்கிய வீட்டஸில் கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லர் வேலை பார்த்தார். 1388இல் தொடங்கிய பார்பராவில் அவர் மகன் யான். இரண்டும் முடிய 500 ஆண்டுக்கு மேல் ஆயிற்று: பார்பரா 1905இல், வீட்டஸ் 1929இல்.

வெளியிலிருந்து எடுப்பதில் மகனுக்கே வெற்றி. வீட்டஸின் மேற்கு முகப்புக்கு முன்னால் பின்வாங்க இடமே இல்லை. மிக அகலமாகப் பார்க்கும் 16 மி.மீ. லென்ஸ் போட்டாலும், படத்தில் கோபுரங்கள் பின்பக்கம் சாய்ந்துதான் விழும். முழுசாக வேண்டுமென்றால் காலையில் சார்லஸ் பாலத்துக்குப் போய், ஆற்றுக்கு இப்பாலிருந்து எடுக்க வேண்டும். பார்பராவுக்கு அந்தச் சிரமம் கிடையாது. பழைய இயேசு சபைக் கல்லூரியை ஒட்டிய மேடையில் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையே கண்ணை ஆலயத்தின் கிழக்குப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். கூடாரம் போன்ற மூன்று கூரைகளும், சுவரைத் தாங்கும் கல் வளைவுகளும் 35 மி.மீ. லென்ஸிலேயே அடங்கிவிடும். காலை வெயில் நேராக விழுவதும் அந்தப் பக்கம்தான்.

உள்ளே போனால் கதை வேறு. வீட்டஸில் வடக்குப் பக்கம், செக் ஓவியர் ஆல்ஃபோன்ஸ் மூகா வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. நடுவில், பின்னாளில் செக் நாட்டின் காவல் புனிதரான வென்செஸ்லாஸ் சிறுவனாக, பக்கத்தில் அவர் பாட்டி லூத்மிலா. வடக்கு ஜன்னல் என்பதால் வெளிச்சம் சீராக இருக்கும், நிறம் எரிந்துபோகாது. ஆனால் நான் அங்கே காத்துக்கிடப்பது அதற்காக இல்லை. வெயில் உள்ள நண்பகலில் தெற்கு ஜன்னல்களின் வண்ணம் எதிரே உள்ள சாம்பல் தூண்களில் வந்து படியும். சிவப்பு, பிறகு நீலம், கல்லின் சொரசொரப்பு தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சாக. ஒரு மேகம் வந்தால் போச்சு. ஃபிளாஷும் ட்ரைபாடும் கூடாது, கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டியதுதான். கூட்டமோ தோளை இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு. சுற்றுலாப் பயணிகளை மதியம்தான் விடுவார்கள்.

பார்பராவில் அப்படிப்பட்ட நிற விளையாட்டு குறைவு. ஆனால் மனிதர்கள் இருக்கிறார்கள். வெள்ளிச் சுரங்கத்தில் கொழித்த ஊர் இது. பார்பரா சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதை. நாணயம் அடிப்பவர்களின் சிற்றாலயத்தில் 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றில், ஒரு தொழிலாளி சுத்தியலால் வெள்ளிக்காசு அடிக்கிறார். வேலையிலேயே கண்ணாக இருக்கிறார். 85 மி.மீ. லென்ஸில் அவரை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மன்னர்களும் புனிதர்களும் எல்லா ஊரிலும் கிடைப்பார்கள். கூலிக்குக் காசு அடித்தவர் கிடைப்பது அரிது. அண்ணாந்தால் பின்னாளில் வந்த கட்டடக் கலைஞர் பெனடிக்ட் ரீட் வடிவமைத்த விதானம், வலை பின்னியதுபோல விரிந்து கிடக்கும்.

என்னைக் கேட்டால் பார்பராதான். வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் மட்டும், அந்தத் தூண்களுக்காக, வீட்டஸ்.

குட்னா ஹோரா போகிறவர்கள் செட்லெட்ஸ் எலும்பு ஆலயத்தையும் சேர்த்தே திட்டமிடுவார்கள். சுமார் 40,000 பேரின் எலும்புகள் அங்கே இருக்கின்றன. வந்தவர்கள் மண்டையோடுகளோடு செல்ஃபி எடுத்த கொடுமைக்குப் பிறகு, 2020 முதல் முன் அனுமதி இல்லாமல் படமெடுக்கத் தடை. சரியான முடிவு. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். அப்புறம் நடுவில் தொங்கும் எலும்புச் சரவிளக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள்.