டபுள் ரைஃபிள்: 20 போர் ஃப்ரேமா, 12 போர் ஃப்ரேமா?

9.3×74ஆர் தோட்டாவுக்கு டபுள் ரைஃபிள் (ரெண்டு குழல் வேட்டைத் துப்பாக்கி) தேடுனா முதல் குழப்பமே ஃப்ரேம் சைஸ்தான், அதாவது குழல் வந்து பூட்டிக்கிற உடம்போட அளவு; 20 போர்னா சின்னது, 12 போர்னா பெருசு. ஜெர்மனி பக்கம் காட்டுப்பன்னிய விரட்டி அடிக்கிறவங்களுக்கு 20 போர் ஃப்ரேம் அம்சமா இருக்கும், எடை மூணரை கிலோ சுத்தி நிக்கும், தோள்ல ஏத்துன உடனே ஓடுற பன்னிகூடவே பேரலும் திரும்பும். தோட்டாவோட அடி விளிம்பு அகலமே 13 மி.மீ. சொச்சம்தான், பிரஷரும் ரொம்ப இல்ல, அதனால சின்ன ஃப்ரேம் தாராளமா தாங்கும். 286 கிரெய்ன் (சுமார் 18.5 கிராம்) குண்டு, உதை கொஞ்சம் சுள்ளுன்னு இருக்கும், அவ்ளோதான்.

12 போர் ஃப்ரேம்ல இதையே போட்டா நாலு கிலோவ தாண்டிரும், உதை அடங்கும், ஆனா சாயங்காலம் தோள்பட்டைய கேட்டா தெரியும். ஆப்பிரிக்க எருமைக்கு .450/400 தோட்டான்னா கத வேற, விளிம்பு 15 மி.மீ.க்கு மேல, குண்டு 400 கிரெய்ன், அங்க பெரிய ஃப்ரேம்தான். 9.3-க்கு என் ஓட்டு சின்னதுக்கே.