கண்மாய்க் கரையில் சார்ஜ்: கேலக்ஸி டேப் ஆக்டிவ் 5 குறித்து ஒரு களப்பணியாளரின் மதிப்பீடு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களின் கரை, மடை, கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) ஆகியவற்றின் இருப்பிடங்களை வரைபடத்தில் பதியும் பணிக்கு நாங்கள் பயன்படுத்துவது, சாம்சங் நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்த கேலக்ஸி டேப் ஆக்டிவ் 5 என்ற டேப்லெட். எட்டு அங்குலத் திரையும், ஐபி68 தரத்திலான நீர், தூசுத் தடுப்பும் கொண்ட இக்கருவியின் உறுதியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் அதை எப்படிப் பாதுகாப்பாக ஓட்டுவது என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கருவி கீழே விழுந்ததால் வேலை நின்ற நாள் எங்களுக்கு அரிது. சார்ஜ் தீர்ந்ததால் நின்ற நாள்கள் உண்டு. ஆகவே இந்த மதிப்பீடு அந்த ஒன்றைப் பற்றியது மட்டுமே.

இதன் பேட்டரி 5050 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 19 வாட்-மணி. உச்சி வெயிலில் திரை தெரிவதற்காக ஒளியை முழுதாகக் கூட்டி, வரைபடமும் செயற்கைக்கோள் இருப்பிடமும் இடைவிடாமல் ஓடினால், காலையில் நிரப்பிய சார்ஜ் மாலை வரை தாங்காது. 15 வாட் வேகத்தில்தான் மின்னேற்றம் நடப்பதால், காலியான பேட்டரி நிரம்ப ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். இந்த விலைக்கு இது மெதுவான வேகமே என்றாலும், வேகம் கூடினால் சூடும் கூடும் என்பதால் எங்கள் ஊர் வெயிலில் இதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்ற முடியும் என்பதுதான் இக்கருவியின் மிகப் பெரிய சிறப்பு. உறுதியான டேப்லெட் என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் பேட்டரி உள்ளேயே அடைபட்டிருக்கிறது. களத்துக்கு வாங்குவோர் பவர் பேங்க்கைத் தேடுவதற்கு முன்பு இரண்டாவது பேட்டரி ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பவர் பேங்க்கில் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கில். அது 5 வோல்ட்டாக மாறி வெளிவரும்போது 6000 முதல் 6500 வரைதான் கிடைக்கும். கருவிக்குள் ஏறும்போது ஏற்படும் இழப்பையும் கழித்தால், அத்தகைய பவர் பேங்க் இந்தப் பேட்டரியை ஏறத்தாழ ஒன்றரை முறை நிரப்பும். மாற்றுப் பேட்டரியிலோ இந்த இழப்பும் இல்லை, வெயிலில் சார்ஜ் போடுவதால் ஏறும் சூடும் இல்லை, வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு கரையில் நடக்க வேண்டியதும் இல்லை.

மாற்றும் இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பின்மூடியின் உட்புறம் ஓடும் மெல்லிய ரப்பர் விளிம்புதான் தண்ணீரைத் தடுக்கிறது. அதில் ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் மூடி முழுதாகப் படியாது. ஐபி68 என்ற வாக்குறுதி அங்கேயே முடிந்துவிடும். எனவே காற்றடிக்கும் கரையில் நின்று மாற்றாமல், வண்டிக்குள் அமர்ந்து, உலர்ந்த மென்துணியால் விளிம்பைச் சுற்றிலும் துடைத்து, பிறகு நான்கு பக்கமும் விரலால் அழுத்தி மூடுவதை எங்கள் குழு வழக்கமாக்கியிருக்கிறது. கடலோரத்தில் வேலை செய்துவிட்டு வந்தால், யூஎஸ்பி-சி துளையில் ஈரமோ உப்போ இருக்கும் நிலையில் வயரைச் செருகவே கூடாது. ஈரத்தைக் கண்டதும் கருவி நீர்த்துளிச் சின்னத்தைக் காட்டி மின்னேற்றத்தை மறுக்கும். அந்த எச்சரிக்கையைத் தவிர்க்க வழி தேடுவோர் துளைக்குள்ளிருக்கும் ஊசிகள் அரிக்கப்படுவதற்கு வழி தேடுகிறார்கள். விளிம்பில் உள்ள போகோ பின் தொடுபுள்ளிகள் (வயரைச் செருகாமல், தாங்கியில் வைத்தாலே மின்சாரம் ஏறும் உலோகப் புள்ளிகள்) வழியாகவும் சார்ஜ் ஏற்றலாம். தினமும் பலமுறை செருகி எடுப்பதால் துளை தளர்வதைத் தவிர்க்க, முகாமில் அதற்குரிய தாங்கியை வைத்துக்கொள்வது நல்ல முதலீடு.

இனி வண்டி. கார், ஜீப்புகளில் 12 வோல்ட் என்று சொன்னாலும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரை இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10க்கும் கீழே சரியும். வண்டி பேட்டரியின் இணைப்பு தளர்ந்து திடீரென விட்டுப்போனால் பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் ஒரு கணம் பாயவும் கூடும். இவற்றையெல்லாம் தாங்க வேண்டியது லைட்டர் சாக்கெட்டில் செருகும் அந்தச் சிறு சார்ஜர்தான் என்பதால், அதில் சிக்கனம் பார்ப்பது இத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவியைப் பணயம் வைப்பதற்குச் சமம். ஒருமுறை வாடகை ஜீப்பில் இருந்த பெயர் தெரியாத சார்ஜரில் இணைத்தபோது, யாரும் தொடாமலேயே திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின. கலுங்கின் மேல் வைத்த குறி கரைக்கு அப்பால் வயலில் போய் நின்றது. தரமற்ற சார்ஜரின் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்புவது அறியப்பட்ட கோளாறு. வயரைப் பிடுங்கியதும் அது நின்றது. அளவைப் பணியில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் தவறான புள்ளி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கோப்பில் சேர்ந்துவிடுகிறது. 12 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும் நல்ல சார்ஜரை, எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே செருகுங்கள். வண்டியில் நிரந்தரமாக வயர் இழுப்பதானால், வண்டி பேட்டரிக்கு அருகிலேயே 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் வைப்பது கட்டாயம்.

பேட்டரியே இல்லாமல் வெளி மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் வசதியும் இக்கருவியில் உண்டு. நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டு கோடையில் 60 டிகிரியை எளிதில் தாண்டும். லித்தியம் அயனி பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரிக்குள்தான் மின்னேற்ற வேண்டும். ஆகவே வண்டியில் பொருத்தியே பயன்படுத்துவோருக்குப் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது உண்மையான பாதுகாப்பு. ஆனால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த அதே நொடியில் கருவியும் அணைந்துவிடலாம் என்பதால், ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் சேமிக்கும் செயலியோடு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

சூரியத் தகட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது; நம் வெயிலில் அது மிகவும் சூடாகி விளைச்சல் குறையும், எனவே 28 வாட் என்று அச்சிட்ட மடக்குத் தகட்டில் 20 வாட் கிடைத்தாலே நிறைவு. ஒரு மேகம் கடந்தாலும் மின்னோட்டம் அறுந்து மீண்டும் தொடங்கும். தகட்டால் பவர் பேங்க்கை நிரப்பி, நிழலில் வைத்து, மாலையில் அதிலிருந்து டேப்லெட்டுக்கு ஏற்றுவதே முறை. டேப்லெட்டைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் கிடத்த வேண்டாம்.

பேட்டரி, சுவரில் செருகும் சார்ஜர், பவர் பேங்க் ஆகிய மூன்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. அவற்றின் மேல் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை இட்டு உண்மையா என்று கடையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். மாற்றுப் பேட்டரிகளில் போலிகள் புழங்குவதால் இந்தச் சிறு வேலையை யாரும் தவிர்க்க வேண்டாம்.

மின்சாரம் என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால், இரண்டு பேட்டரி, ஒரு தாங்கி, ஒரு நல்ல வண்டிச் சார்ஜர் ஆகியவற்றோடு சேர்த்து வாங்குவோருக்கு இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அவற்றுக்கு நிதி ஒதுக்காமல் டேப்லெட்டை மட்டும் கொடுத்துக் களத்துக்கு அனுப்பும் அலுவலகங்களுக்கு இது பொருந்தாது.