ஆபீஸ் சுடிதார்: காட்டனா, சிந்தெடிக்கா?

சென்னை வெயிலில் சிந்தெடிக் சுடிதார் போடுகிறேன் என்று சொன்னாலே "வேர்க்காதா?" என்றுதான் முதல் கேள்வி வரும். வேர்க்கும். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கொஞ்ச காலமாக ஆபீஸுக்கென்று நான் எடுப்பதெல்லாம் பாலியஸ்டரில் வரும் கிரேப், ஜார்ஜெட் ரகங்கள்தான். காட்டன் செட்டுகள் சனி ஞாயிறுக்கும் ஊருக்குப் போவதற்கும் என்று ஒதுங்கிவிட்டன. தோழிகள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

காட்டனின் அருமையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி நூல் தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம்கூடக் கிடையாது. அதனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரத்துக்குக் காட்டன்தான் சுகம். ஆனால் என் நாளில் பெரும்பகுதி ஏசியில் கழிகிறது. அங்கே வேர்வை ஒரு விஷயமே இல்லை. என்னைப் பொறுத்தவரை முடிவு வேறு இடத்தில் இருக்கிறது: பராமரிப்பு.

காட்டன் டாப் ஆபீஸுக்குப் போட்டுப்போகிற மாதிரி இருக்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது. முதல் சில துவையல்களுக்குத் தனியாக ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இன்னொரு துணியில் ஏறும். அப்புறம் கஞ்சி. கஞ்சி போடாத காட்டன் டாப் நாலைந்து துவையலிலேயே நைட்டி மாதிரி தொள தொளவென்று ஆகிவிடும். கஞ்சியும் திட்டுத் திட்டாகப் படியாமல் கரைத்துப் போட வேண்டும், அதிலும் கறுப்பு, கருநீலம் என்றால் வெள்ளைப் படலம் பிடிக்காமல் பார்க்க வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, தண்ணீர் தெளித்து, இஸ்திரி. இவ்வளவும் செய்துவிட்டு மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை உட்கார்ந்து வந்தால் போதும், எழுந்திருக்கும்போது டாப்பின் பின்பக்கம் மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருக்கும். மீட்டிங்கில் போர்டு பக்கம் திரும்பி எழுதுகிறவருக்கு அது தெரியாது, உட்கார்ந்திருக்கிற மற்ற எல்லோருக்கும் தெரியும்.

இஸ்திரிச் செலவையும் பாருங்கள். டாப், பேன்ட், துப்பட்டா மூன்றும் சேர்த்து எங்கள் தெரு வண்டிக்காரர் 30 ரூபாய் வாங்குகிறார். வாரத்துக்கு ஐந்து செட் என்றால் 150, மாதம் 600, வருடத்துக்கு 7,200 ரூபாய். வீட்டிலேயே தேய்த்தால் பணம் மிச்சம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விடும்.

கிரேப் செட்டை நான் துவைப்பதைச் சொல்கிறேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசி, பிழியாமல் அப்படியே ஹேங்கரில் மாட்டி பாத்ரூம் கொடியில் தொங்கவிட்டுவிடுவேன். தண்ணீர் சொட்டுகிற கனத்திலேயே துணி தானாக நேராகிக்கொள்ளும். காலையில் காய்ந்திருக்கும், இஸ்திரி தேவைப்படாது. மெஷினில் போட்டு ஸ்பின்னில் சுற்றினால் மட்டும் மடிப்பு விழுந்து அப்படியே நின்றுவிடும், அதனால் கைத்துவையல்தான். இதன் அருமை ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தெரியும். ஃபிளாட் பால்கனியில் காட்டன் இரண்டு நாள் தொங்கியும் காயாமல் ஒரு முடை நாற்றம் பிடித்துவிடும்.

துப்பட்டா கட்டாயம் என்கிற அலுவலகங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. காட்டன் துப்பட்டா மதியத்துக்குள் கயிறாகத் திரிந்துவிடும். ஜார்ஜெட் காலையில் குத்திய மடிப்பிலேயே சாயங்காலம் வரை நிற்கும். ஆனால் அதே துப்பட்டாவோடு காலையில் கேஸ் அடுப்புப் பக்கம் போகவே கூடாது. பருத்தியும் தீப்பிடிக்கும், இதுவோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சமையல் முடித்துவிட்டுத்தான் உடை மாற்ற வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

சரி, சிந்தெடிக்கின் உண்மையான குறை வாடை. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகக்காரர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்தவர்களின் டீ ஷர்ட்டுகளை வாங்கிப் பார்த்ததில், காட்டனைவிடப் பாலியஸ்டரில் நாற்றம் கூடுதல், வாடையைக் கிளப்புகிற ஒருவகை பாக்டீரியா அதில் நன்றாக வளர்கிறது என்று கண்டார்கள். போட்டுப் பார்த்த யாருக்கும் இதற்கு ஆய்வு தேவையில்லை. காட்டனை ஒருநாள் போட்டுக் காற்றாட விட்டு மறுபடி போடலாம், கிரேப்பை முடியாது. அன்றன்றைக்கே அலசியாக வேண்டும். எண்ணெய்க் கறையும் இதில் சட்டென்று போகாது.

வேர்வையையும் வாடையையும் பாதியாவது சமாளிக்க ஒரே வழி லைனிங். ரெடிமேட் டாப்புகளில் பெரும்பாலும் லைனிங்கும் பாலியஸ்டர்தான், அது வேர்வையோடு முதுகில் ஒட்டும், ஏசியில் காலில் ஒட்டும். அதனால் நான் மெட்டீரியலாக எடுத்து, மெல்லிய காட்டன் லைனிங் வைத்துத் தைத்துக்கொள்கிறேன். தையல்கூலி கூடும், கூடட்டும். தைக்கக் கொடுக்கும் முன் லைனிங் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுவிடுங்கள். காட்டன் சுருங்கும், கிரேப் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் துவையலிலேயே உள்ளே லைனிங் மேலேறி, வெளித்துணி ஓரத்தில் பொம்மென்று நிற்கும். டெய்லர் "நனைச்சாச்சாம்மா?" என்று கேட்டால் நல்ல டெய்லர் என்று அர்த்தம்.

கடையில் இன்னொரு குழப்பம் உண்டு. "சாஃப்ட் காட்டன்" என்று எடுத்துப் போடுவதில் பாதி ரேயான். மரக்கூழிலிருந்து வருவது என்பதால் வேர்வையை நன்றாகவே உறிஞ்சும், கைக்கும் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் ஈரமானால் அதன் பலம் குறைந்துவிடும், சுருங்கவும் செய்யும். ஆபீஸுக்கு அடிக்கடி துவைக்கிற துணியாக அதை நான் சேர்க்க மாட்டேன். எரித்துப் பார்த்தால் பாலியஸ்டர் கலந்திருப்பது தெரிந்துவிடும்: ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்புக் காட்டுங்கள். காட்டனும் ரேயானும் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். காட்டனையும் ரேயானையும் இப்படிப் பிரித்தறிய முடியாது, அதற்குக் கை பழக வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் மேசை வேலை, ஏசி, போக வர ரயில் என்கிற வாழ்க்கைக்கு. என் அக்கா திருவண்ணாமலைப் பக்கம் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நின்று பேசுகிற வேலை, தலைக்கு மேல் ஒரு ஃபேன். "உன் கிரேப்பை நீயே வெச்சுக்கோடி" என்பாள், அவளிடம் நான் வாதாடுவதில்லை. தினமும் நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் என் யோசனை பொருந்துமென்று அடித்துச் சொல்ல மாட்டேன். துணி எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டால், என் கிரேப் செட்டுகளில் சாயம் இதுவரை மங்கவில்லை. ஆனால் ஹேண்ட்பேக் உரசுகிற இடுப்புப் பக்கம் நூல் பொடிப்பொடி உருண்டையாகத் திரள ஆரம்பித்திருக்கிறது, ஐடி கார்டு கிளிப் பட்டு ஜார்ஜெட்டில் ஓரிடத்தில் நூல் இழுத்திருக்கிறது.

முதல்முறை எடுக்கிறவர்கள் பொடி பிரின்ட் போட்ட அடர் நிறமாகப் பார்த்து எடுங்கள். வெளிர் சாம்பலிலும் பிளெயின் நீலத்திலும் அக்குள் ஈரம் அப்பட்டமாகத் தெரியும்.